பழைய சைக்கிளில் இருந்து களைவெட்டி: வீட்டு முற்றத்திலேயே செய்ய முழு வழிகாட்டி

நிலக்கடலை, சோளம், கேழ்வரகு, பருத்தி என்று எதை விதைத்தாலும் 15ஆம் நாளில் களை தலைதூக்கிவிடும். கையால் களைக்கொத்து பிடித்து எடுக்க ஆள் வேண்டும், ஆள் கிடைத்தாலும் நாள் முழுக்கக் குனிந்தே செய்ய வேண்டும். பெட்ரோலில் ஓடும் பவர் வீடர் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கருவி இருக்கிறது. முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் ஒரு கத்தி, பிடித்துத் தள்ள ஒரு கைப்பிடி. நிமிர்ந்து நடந்தபடியே களை வெட்டலாம்.

சைக்கிளின் முன்பாகத்தை வைத்தே இதைச் செய்யலாம் என்பதை நம் நாட்டு விவசாயிகளே பல இடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்து விவசாயி கோபால் மல்ஹாரி பீசே செய்த 'கிருஷிராஜா' அவற்றில் பெயர் பெற்றது. தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் ஏதோ ஒரு வடிவில் இது ஓடுகிறது. அவற்றில் பலவற்றில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு: எல்லாவற்றையும் வெல்டிங்கில் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய கத்தியின் கோணம் மாறாது, கைப்பிடியின் உயரமும் மாறாது. களை எடுக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். கருவியின் அளவோ அதைச் செய்த ஆணின் உயரத்துக்கு அமைந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் வெல்டிங் குறைவு, போல்ட் அதிகம். ஆழம், கோணம், உயரம், கத்தி நான்கையும் ஒரு ஸ்பானரால் மாற்றிக்கொள்ளும்படி செய்வோம்.

இரும்பை அறுக்கும் முன்

முதலில் வயலுக்குப் போய் வரிசை இடைவெளியை அளந்து பாருங்கள். இந்தக் கருவிக்கு வரிசை விதைப்பு கட்டாயம். கைவிதைப்பாகத் தூவிய நிலத்தில் இதை ஓட்ட முடியாது. நிலக்கடலையில் வரிசைக்கு வரிசை 30 செ.மீ. விட்டிருந்தால் 15 செ.மீ. அகலக் கத்தி போதும். இருபுறமும் ஏழு, ஏழரை செ.மீ. செடிக்கு ஒதுங்கி நிற்கும். மக்காச்சோளம், சூரியகாந்தி மாதிரி 60 செ.மீ. விட்ட பயிரில் அதே கத்தியால் இரண்டு முறை போய் வரலாம். அங்கேயும் கத்தியை அகலமாக்க ஆசைப்படக் கூடாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம்.

ஒருவர் சலிக்காமல் மணிக்கணக்கில் தரக்கூடிய சக்தி சுமார் 75 வாட், அதாவது பத்தில் ஒரு குதிரைத்திறன். மெதுநடையில், மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினால் அது ஏறத்தாழ 10 கிலோ விசைக்குச் சமம். லேசான செம்மண்ணில் கத்தி வெட்டும் மண்ணின் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுமார் 0.3 கிலோ எதிர்ப்பு வரும். 15 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழம் என்றால் 30 சதுர செ.மீ., ஆக 9 கிலோ. சரியாகத் தாங்கும். கரிசலில் எதிர்ப்பு அரை கிலோவைத் தாண்டும். அதே கத்தி அங்கே 15 கிலோவுக்கு மேல் இழுக்கும், அரை மணி நேரத்தில் ஆள் உட்கார்ந்துவிடுவார். கரிசலுக்கு 10 செ.மீ. கத்தி போதும். சந்தேகம் வந்தால் சிறிய கத்தியையே எடுங்கள்.

இன்னொரு கணக்கும் கையில் இருக்கட்டும். 30 செ.மீ. வரிசையில் ஒரு ஏக்கருக்கு நடக்க வேண்டிய தூரம் பதின்மூன்றரை கிலோமீட்டர். நிற்காமல் நடந்தாலே ஐந்தரை மணி நேரம். திரும்புவது, ஓய்வு, கத்தி தட்டுவது எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு ஒன்றரை நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை தூரம் தள்ளப்போகிற கருவி என்பதால் ஒவ்வொரு கிலோ எடையும் கணக்கில் வரும். மொத்த எடையை முடிந்தவரை குறைப்பதே நம் இலக்கு.

காயலான் கடையில் பொறுக்க வேண்டியவை

- 26 அல்லது 28 இஞ்ச் சைக்கிளின் முன்சக்கரம், அதை இருபுறமும் பிடிக்கும் கவையான ஃபோர்க், ஹேண்டில் பார், ஹேண்டிலின் தண்டு. ரிம் நெளியாமல், ஃபோர்க் முறுக்காமல் இருக்க வேண்டும். பின்சக்கரம் வேண்டாம்.
- ஒரு இஞ்ச் இரும்புக் குழாய், 110 செ.மீ. நீளம். கைப்பிடிக்குத் தனியாக 30 செ.மீ. துண்டு ஒன்று. வெள்ளை ஜிஐ பைப்பை விடக் கறுப்புக் குழாய் நல்லது. காரணம் பின்னால் வருகிறது.
- 40 × 8 மி.மீ. பிளாட் பட்டை 65 செ.மீ. கத்தியைத் தாங்கும் கால் இதுதான்.
- 25 × 5 மி.மீ. பிளாட் 60 செ.மீ., முட்டுக்கு.
- 6 மி.மீ. தகட்டில் 10 × 7.5 செ.மீ. துண்டு இரண்டு, 15 × 4 செ.மீ. துண்டு இரண்டு, 6 × 5 செ.மீ. துண்டு ஒன்று.
- 10 மி.மீ. போல்ட் ஆறு, 8 மி.மீ. போல்ட் நான்கு. நட்டு, வாஷர், ஸ்பிரிங் வாஷருடன்.
- கத்திக்குத் தேய்ந்துபோன பழைய மண்வெட்டித் தகடு ஒன்று.

குழாயில் ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர் சைக்கிள் ஃபோர்க்கின் தண்டு வெளிவிட்டம் 1 இஞ்ச், அதாவது 25.4 மி.மீ. 'ஒரு இஞ்ச் பைப்' என்று கடையில் கேட்டு வாங்கும் குழாயின் உள்விட்டம் 27 முதல் 28 மி.மீ. வரை வரும். ஆகவே ஃபோர்க் தண்டின் மேல் இந்தக் குழாய் அப்படியே ஏறி உட்காரும். கருவியின் முதுகெலும்பு இந்தப் பொருத்தம்தான். கடைக்குப் போகும்போது ஃபோர்க்கையும் கையோடு எடுத்துப் போய், போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

கத்திக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டை கிடைத்தாலும் நல்லதுதான். திருப்பாச்சேத்தி அரிவாள் அடிப்பதே அந்த இரும்பில்தான். ஆனால் அது தடிமனானது. ஏற்கெனவே கடினப்படுத்தியது என்பதால் சாதாரண டிரில் பிட் அதில் வழுக்கும். ஓட்டை போட வேண்டிய இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஒரு இரவு ஆறவிட்டால்தான் துளைக்க முடியும். உலை இல்லாதவருக்கு மண்வெட்டித் தகடே வசதி. மூன்று மி.மீ. அளவில் இருக்கும், துளைக்கலாம், கூரும் நிற்கும்.

பட்டறை வைக்கும் இடம்

தோட்டத்து முற்றத்தில் வெல்டிங் போடுகிறோம் என்பதால் முதலில் பார்க்க வேண்டியது வைக்கோல் போர். கிரைண்டர் பொறி பத்தடிக்கு மேல் பறக்கும், காற்றடித்தால் இன்னும் தூரம் போகும். பொறி விழுந்து அரை மணி நேரம் கழித்தும் வைக்கோல் புகையத் தொடங்கலாம். போர், சாக்கு, டீசல் கேன் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீரும் ஈரச் சாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு சுற்று வந்து பாருங்கள். டீசலோ பெட்ரோலோ இருந்த மூடிய டிரம்மை மேசையாக வைத்து அதன்மேல் வெல்டிங் போடவே கூடாது. காலி டிரம்முக்குள் இருக்கும் ஆவி வெடிக்கும்.

கண்ணுக்கு 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி. கூலிங் கிளாஸ் இதற்குப் போதாது. வெல்டிங் வெளிச்சம் பட்ட கண் உடனே வலிக்காது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், மணலைக் கொட்டியது போல உறுத்தும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதே கதி என்பதால் அவர்களை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு ராடைத் தொடுங்கள். உடுப்பு முழுக்கைப் பருத்திச் சட்டை, பேன்ட், மூடிய செருப்பு அல்லது ஷூ. லுங்கி, வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் சேலைத் தலைப்பு எதுவும் கிரைண்டர் பக்கம் ஆகாது. பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டும்.

கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. ஓரம் உடைந்த கட்டிங் வீலை அதில் மாட்டினால், தெறிக்கும் துண்டுக்கு முன்னால் நிற்பது உங்கள் முகம். கட்டிங் வீலைப் பக்கவாட்டில் அழுத்தித் தேய்க்கவும் கூடாது, அதற்குத் தடித்த கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் 80 ஆம்பில் ஓடும்போது வீட்டு லைனிலிருந்து 12 முதல் 16 ஆம்ப் வரை இழுக்கும். பெரிய பவர் பிளக்கில் மட்டும் மாட்டுங்கள். நீட்டிப்பு வயர் தடிமனாக இருக்க வேண்டும், சுருட்டி வைத்த நிலையில் ஓட்டக் கூடாது. சுருளில் சூடேறி வயர் உருகும்.

படி 1: சக்கரம்

சக்கரத்தைக் கழற்றி ஆக்சில், கோன், குண்டுகள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். குழி விழுந்த கோனை மாற்றுங்கள். புதிய கிரீஸ் நிறைய வைத்துப் பூட்டுங்கள். ரோட்டில் ஓடும் சைக்கிளைவிட இங்கே தூசி பல மடங்கு, கிரீஸ்தான் தூசிக்கு அணை. சக்கரம் ஆடாமல், அதேசமயம் கையால் சுற்றினால் தானாகச் சுற்றும்படி கோனை இறுக்க வேண்டும். தளர்ந்த ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கிக்கொள்ளுங்கள்.

கருவேல முள் இருக்கும் காட்டில் டியூப் நிற்காது. பழைய தோட்டத்து ஹோஸ் பைப்பை ரிம்மின் சுற்றளவுக்கு வெட்டி, டயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் பஞ்சர் என்ற பேச்சே இல்லை. டயரையே எடுத்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய ரிம் இளகிய மண்ணில் அறுத்துக்கொண்டு இறங்கும், கத்தியின் ஆழம் அடிக்கடி மாறும்.

வெல்டிங் முழுக்க முடியும்வரை சக்கரத்தைக் கழற்றியே வையுங்கள். அளவு பார்க்க மட்டும் மாட்டிக்கொள்ளலாம். எர்த் கிளாம்பைச் சக்கரத்தில் மாட்டி ஃபோர்க்கில் வெல்டிங் போட்டால், மின்னோட்டம் ஹப் வழியாகப் போய் குண்டுகளில் பொரிந்து புள்ளி விழும். கிளாம்ப் எப்போதும் வெல்டிங் போடும் துண்டிலேயே இருக்க வேண்டும்.

படி 2: முதுகுக் குழாயும் ஃபோர்க்கும்

வேலையின் கடினமான இடம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள்.

ஃபோர்க்கின் இரண்டு கால்களும் தண்டும் சேரும் கழுத்தைச் சுரண்டிப் பாருங்கள். பெரும்பாலான பழைய சைக்கிள்களில் அங்கே மஞ்சளாகப் பித்தளை தெரியும். தொழிற்சாலையில் பித்தளை உருக்கி ஒட்டிய மூட்டு அது. அதன்மேல் ஆர்க் வெல்டிங் போட்டால் பித்தளை கொதித்து ராடின் இரும்போடு கலந்து, துளையும் வெடிப்புமாக மூட்டு அமையும். பார்க்க ஒட்டியது போல இருக்கும், முதல் கல்லில் விடும். அதனால் கழுத்தைத் தொடவே தொடாதீர்கள். பிடிப்பை அதற்கு மேலே, தண்டின் வெறும் இரும்பில் வாங்க வேண்டும்.

குழாயின் ஒரு முனையிலிருந்து 6 செ.மீ., 10 செ.மீ., 14 செ.மீ. தூரத்தில், ஒரே கோட்டில் இல்லாமல் சுற்றிலும் மாறி மாறி, 8 மி.மீ. ஓட்டை மூன்று போடுங்கள். குழாயின் வாயையும் ஃபோர்க் தண்டையும் பெயின்ட், துரு போகப் பளபளவென்று தேயுங்கள். தண்டுக்குள் சைக்கிளின் பழைய ஹேண்டில் தண்டைச் செருகி அப்படியே விடுங்கள். மெல்லிய தண்டுக்கு உள்ளிருந்து அது முட்டுக் கொடுக்கும், வெல்டிங்கில் ஓட்டை விழுவதும் குறையும். இப்போது குழாயைத் தண்டின் மேல் ஏற்றிக் கழுத்து வரை தட்டுங்கள். இடைவெளியில் ஆட்டம் இருந்தால் உடைந்த ஹேக்ஸா பிளேடுத் துண்டுகளை, ஓட்டைகளுக்கு நடுவே விழாமல் பார்த்து, சுற்றிலும் செருகி இறுக்குங்கள்.

ஃபோர்க் கால்களின் நுனியில் ஒரு வளைவு இருக்கும். கருவியைக் கிடத்தும்போது அந்த வளைவு மேல்நோக்கி இருக்கட்டும். குழாய் ஒரு கையளவு தாழும், கத்தியின் காலும் அதற்கேற்ப குட்டையாகும். குட்டைக் கால் வளையாது. இந்தத் திசையைச் சரிபார்த்த பிறகு மூன்று ஓட்டைகளையும் வெல்டிங்கால் நிரப்புங்கள். கடைசியாகக் குழாயையும் தண்டையும் சேர்த்து ஊடுருவ ஒரு 8 மி.மீ. போல்ட் போட்டுவிட்டால் வெல்டிங் ஒன்று விட்டாலும் ஃபோர்க் கழன்று வராது.

வெல்டிங் பற்றிக் கொஞ்சம் விரிவாக

வீட்டு வேலைக்கு 6013 ராடு போதும். 2.5 மி.மீ. ராடுக்கு 70 முதல் 90 ஆம்ப். மெல்லிய குழாய்க்கு 2 மி.மீ. ராடும் 50, 60 ஆம்பும் போதும், அங்கே ராடு மைனஸில் இருந்தால் துளை விழும் ஆபத்து குறையும். ராடின் நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி ராடின் தடிமனளவே இருக்க வேண்டும். தூக்கிப் பிடித்தால் தீப்பொறி சிதறி, மேலே கொட்டிய சோறு மாதிரி உருண்டை உருண்டையாக நிற்கும். தடித்த துண்டும் மெல்லிய துண்டும் சேரும் இடத்தில் சூட்டைத் தடித்ததன் பக்கம் காட்டி, உருகிய குளத்தை மட்டும் மெல்லியதன் பக்கம் தள்ளுங்கள். ஒரே இழுப்பில் நீளமாகப் போடாமல் இரண்டு செ.மீ. போட்டு, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு செ.மீ. என்று மாறி மாறிப் போட்டால் துண்டு கோணாது. ஒவ்வொரு முறையும் கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் துடைத்த பிறகே அடுத்த வரி.

புதிதாகப் பழகுபவர் கருவியைத் தொடும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். இரண்டு பட்டைத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று செங்குத்தாக நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் போடுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து சம்மட்டியால் அடித்து, வெல்டிங் உள்ள பக்கமாக மடக்குங்கள். வெல்டிங் ஒரு பக்கத்திலிருந்து பூசினாற்போல உரிந்து வந்தால் சூடு போதவில்லை, ஆம்பைக் கூட்ட வேண்டும். உள்ளே குமிழ் குமிழாகத் துளை தெரிந்தால் அழுக்கு, துரு, ஈரம் என்று அர்த்தம். பட்டை வளைந்து வெல்டிங் விடாமல் நின்றால் நீங்கள் தயார்.

ஜிஐ குழாய்தான் கிடைத்தது என்றால் வெல்டிங் விழும் இடத்துக்கு இருபுறமும் ஐந்து செ.மீ. வரை துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நில்லுங்கள். அந்த வெள்ளைப் புகை சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், உடம்புவலி என்று படுக்க வைக்கும். பால் குடிப்பதும் வெல்லம் தின்பதும் அதைத் தடுக்காது. மூக்குக்குள் புகை போகாமல் பார்ப்பது ஒன்றே வழி.

படி 3: காலும் அதைப் பிடிக்கும் கன்னத் தகடுகளும்

சக்கரத்தை மாட்டி, கருவியை அது வயலில் நிற்கும் அதே நிலையில் நிறுத்துங்கள். குழாயின் பின்முனையை ஒரு பெஞ்சில் தாங்கி, தள்ளப்போகிறவரின் இடுப்புயரத்துக்கு ஒட்டி வையுங்கள். இந்த நிலையில், கழுத்துக்குப் பின்னால் 12 செ.மீ. தூரத்தில் குழாயின் அடியில் கன்னத் தகடுகள் வரும். அந்த இடத்தில் உள்ளே ஃபோர்க் தண்டும் இருப்பதால் குழாய்க்கு இரட்டைச் சுவர், அதிக பலம்.

10 × 7.5 செ.மீ. தகடுகள் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, கீழ்ப்பகுதியில் 10.5 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். 40 × 8 பட்டையில் மேல் முனையிலிருந்து 2.5 செ.மீ.க்கு ஒன்றாக எட்டுப் பத்து ஓட்டைகள் வரிசையாக. இரண்டு தகடுகளுக்கும் நடுவில் பட்டையை வைத்து, ஒரு பக்கம் ஹேக்ஸா பிளேடு ஒன்றையும் இடைச்செருகி, போல்ட் போட்டு இறுக்குங்கள். இதை அப்படியே குழாயின் அடியில் ஒட்டிப் பிடித்து, தூக்குக் குண்டால் கால் செங்குத்தாக நிற்கிறதா என்று முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். நூலில் கட்டிய நட்டும் தூக்குக் குண்டுதான். நான்கு மூலையிலும் புள்ளி வெல்டிங். மறுபடி தூக்குக் குண்டு. அப்புறம் முழு வெல்டிங். முடிந்ததும் பிளேடை உருவிவிட்டால் கால் தாராளமாக ஏறி இறங்கும் இடைவெளி கிடைத்துவிடும்.

பட்டையின் 40 மி.மீ. அகலம் நடக்கும் திசையில் இருக்க வேண்டும், 8 மி.மீ. தடிமன் முன்னால் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் முதல் வேரிலேயே கால் பின்னால் வளைந்துவிடும்.

காலின் நடுப்பகுதியிலிருந்து குழாயின் பின்பகுதிக்கு 25 × 5 பட்டையில் ஒரு முட்டு. குழாயில் கழுத்திலிருந்து 45 செ.மீ. தூரத்தில் ஒரு சின்னக் காது வெல்டிங் செய்து, அதில் ஒரு முனை. மறுமுனை காலின் ஏதாவது ஒரு ஓட்டையில். முட்டில் ஒரு செ.மீ. விட்டு ஒன்றாக நாலைந்து ஓட்டைகள் போட்டு வைத்தால், எந்த ஓட்டையில் மாட்டுகிறோமோ அதற்கேற்ப கத்தியின் கோணம் மாறும். ஆழத்துக்குக் காலின் ஓட்டைகள், கோணத்துக்கு முட்டின் ஓட்டைகள்.

படி 4: கத்தி

மண்வெட்டித் தகட்டில், அம்புத்தலை மாதிரி நடுவில் கூர்ந்து இருபுறமும் பின்னோக்கி ஒதுங்கும் வடிவம் வரையுங்கள். மொத்த அகலம் 15 செ.மீ. (கரிசலுக்கு 10), ஒவ்வொரு இறக்கையின் அகலமும் 5 செ.மீ. மூக்கின் கோணம் 80, 90 பாகை இருக்கலாம். இறக்கை பின்னோக்கிச் சரிந்திருந்தால்தான் அறுந்த வேரும் தண்டும் ஓரமாக வழுகிப் போகும். நேராக இருந்தால் கத்தியில் சுற்றிக்கொண்டு நிற்கும்.

வெட்டும்போது தகட்டை நீலம் பாய விடாதீர்கள். நீலம் ஏறிய விளிம்பு கடினம் இழந்துவிட்டது. கொஞ்சம் அறுத்து, தண்ணீரில் தொட்டு, மறுபடி அறுங்கள். வெட்டும் விளிம்பைத் தகட்டின் மேற்பக்கத்தில் மட்டும் தீட்டுங்கள், அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும். அடியில் தீட்டினால் அந்தச் சரிவு மண்ணில் உரசிக் கத்தியை மேலே தூக்கும்.

காலின் அடியில் 6 × 5 செ.மீ. தகட்டை ஒரு பாதமாக வெல்டிங் செய்யுங்கள். பாதம் சமமாக இல்லாமல் முன்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும்: 5 செ.மீ. நீளத்துக்குப் பின்பக்கம் ஒன்றரை செ.மீ. உயர்ந்தால் சரியாக வரும். இந்தச் சரிவுதான் கத்தியை மண்ணுக்குள் இழுத்துக்கொடுக்கிறது. இது இல்லாவிட்டால் ஆள்தான் அழுத்த வேண்டும். கத்தியைப் பாதத்தில் இரண்டு 8 மி.மீ. தட்டைத்தலைப் போல்ட்டால் பிடியுங்கள், தலை கீழே, நட்டு மேலே. கத்தியை நேராக வெல்டிங் செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கரிமம் மிகுந்த இரும்பு வெல்டிங் சூட்டிலிருந்து சட்டென்று ஆறும்போது, ஒட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடியாக நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். தீட்டவும் மாற்றவும் கழற்ற முடியாது என்பது அதற்கு மேல்.

படி 5: கைப்பிடி

குழாயின் பின்முனையில் 15 × 4 செ.மீ. தகடுகள் இரண்டையும் இருபுறமும் ஒட்டி, மேல்நோக்கி நீட்டி வெல்டிங் செய்யுங்கள். அவற்றின் நடுவே ஹேண்டில் பாரைத் தாங்கும் 30 செ.மீ. குழாய்த் துண்டு ஒன்று: அடி முனை இரண்டு 10 மி.மீ. போல்ட்டில் நிற்கும். கீழ்ப் போல்ட் அச்சு. மேல் போல்ட்டுக்குத் தகட்டில் வளைவாக மூன்று ஓட்டைகள். ஓட்டையை மாற்றினால் கைப்பிடி முன்சாயும், நிமிரும், உயரமும் மாறும். ஹேண்டில் பாரை அந்தத் துண்டின் உச்சியில் வெல்டிங் செய்யுமுன் மெல்லிய குரோம் பூச்சைத் தேய்த்து எடுங்கள், அதன் புகையும் நல்லதல்ல.

நேராக நின்று கையை மடக்கினால் முழங்கை எந்த உயரமோ, அதற்குச் சற்றுக் கீழே கைப்பிடி வர வேண்டும். அம்மா ஓட்டும்போது ஒரு ஓட்டை, மகன் ஓட்டும்போது இன்னொரு ஓட்டை. மாற்ற இரண்டு நிமிடம் ஆகாது.

பிறகு வெட்டு முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்கி, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, மேலே பெயின்ட் ஒரு பூச்சு. கத்திக்கும் பாதத்துக்கும் பெயின்ட் வேண்டாம்.

வயலில் ஓட்டிப் பார்த்தல்

மண்ணின் பதம் முக்கியம். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், இன்னும் ஓரிரு நாள் பொறுங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் கத்தி மேலேயே வழுக்கும்.

முதலில் ஆழத்தை 2 செ.மீ. வைத்து ஒரு வரிசை ஓட்டுங்கள். கத்தி தானாக ஆழப் போய்க்கொண்டே இருந்தால் முட்டில் ஒரு ஓட்டை மாற்றி மூக்கைத் தூக்குங்கள். மண்ணில் இறங்காமல் துள்ளினால் மூக்கைத் தாழ்த்துங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் கத்தியின் ஒரு இறக்கை மட்டும் மழுங்கியிருக்கிறதா, கால் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கெட்டியான இடத்தில் ஒரே மூச்சாகத் தள்ளாமல், ஒரு அடி தள்ளி அரையடி இழுத்து மறுபடி தள்ளுவது சிரமத்தைக் குறைக்கும்.

விதைத்த 15 முதல் 20 நாளுக்குள் முதல் ஓட்டம், களை இரண்டு மூன்று இலை விட்ட நிலையில். இந்தப் பருவத்தில் கத்தி தொட்டாலே களை சாகும். முழங்கால் அளவு வளர்ந்த களைக்கு இந்தக் கருவி வேலைக்கு ஆகாது. காலையில் ஓட்டுங்கள். நாள் முழுக்க வெயிலில் கிடந்தால்தான் அறுந்த களை காயும், மழை வரும் நாளில் ஓட்டினால் பாதி களை மறுபடி வேர்பிடிக்கும். 30, 35ஆம் நாளில் இரண்டாவது ஓட்டம். நிலக்கடலையில் 45 நாளுக்குப் பிறகு வரிசைக்குள் கத்தியே போகக் கூடாது. விழுது மண்ணில் இறங்கும் சமயம் அது, மண்ணைக் கிளறினால் காய் பிடிப்பு போய்விடும்.

கோரையையும் அறுகையும் பற்றி ஒரு எச்சரிக்கை. கோரையின் கிழங்கு கத்திக்குக் கீழே பத்திரமாக இருக்கும், ஒரு வாரத்தில் மறுபடி முளைக்கும். விடாமல் திரும்பத் திரும்ப வெட்டினால் கிழங்கு மெலியும், ஒரே முறையில் ஒழியாது. அறுகை வெட்டினால் ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடி. அந்த இடங்களைக் கையால் தோண்டி எடுத்துக் காயவைப்பதே மேல். சேற்று நெல் வயலுக்கும் இது ஆகாது, அங்கே கோனோவீடர்தான்.

அடுத்து மாட்டக்கூடியவை

பாதத்தில் போல்ட் ஓட்டை இருப்பதால் கத்தியைக் கழற்றி வேறு கருவி மாட்டலாம். மழைக்குப் பின் இறுகிய மேல்மண்ணை உடைக்க 12 மி.மீ. கம்பியில் மூன்று கொத்து. மண் அணைக்க, தகட்டை இருபுறமும் இறக்கையாக மடித்த சின்னக் கலப்பை. விதைக்கும்போது சால் போட விரலகலக் கொழு. எதைச் செய்தாலும் பாதத்தின் இரண்டு ஓட்டை அளவை மாற்றாதீர்கள். ஒரு அட்டையில் அந்த அளவை வெட்டிப் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்தால் எந்தக் கொல்லரிடம் கொடுத்தாலும் சரியாகப் பொருந்தும்.

பராமரிப்பு

ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும் மண்ணைச் சுரண்டிக் கத்தியில் எண்ணெய் தடவுங்கள், வேப்பெண்ணெயே போதும். கழிவு என்ஜின் ஆயிலைத் தடவினால் அது மறுநாள் உங்கள் மண்ணுக்குத்தான் போகும். அரை ஏக்கருக்கு ஒரு முறை அரத்தால் நாலு இழுப்பு, மேற்பக்கம் மட்டும். முதல் நாள் ஓட்டியதும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள், புதுப் பெயின்ட் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பருவம் முடிந்ததும் சக்கரத்தின் கிரீஸை மாற்றி, கருவியைத் தரையில் சாய்க்காமல் கூரையில் தொங்கவிடுங்கள். அதே மண்வெட்டித் தகட்டில் மிச்சம் இருந்தால் இரண்டாவது கத்தியையும் இப்போதே வெட்டித் துளைத்து வைத்துவிடுங்கள். களை நெருக்கும் வாரத்தில் பட்டறையில் உட்கார நேரம் இருக்காது.